கொழும்பில் காவலாளிகள் சங்கம் அமைத்து வேலைத்தளப் பாதுகாப்பைக் கோருவது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இரவுக் கடமையில் தனியாக நின்ற என்னுடைய இடது மணிக்கட்டை, செப்புக் கம்பி திருட வந்த மூவர் இரும்புக் குழாயால் அடித்து உடைத்தார்கள். அன்றிரவு எழுதப்பட்ட பொலிஸ் பதிவிலோ நான் படியில் வழுக்கி விழுந்ததாக ஒரு வரி இருந்தது. அப்படிச் சொன்னவர் என்னைப் பொலிஸ் நிலையத்துக்குக் கூட்டிச் சென்ற கம்பனி மேற்பார்வையாளர். சிங்களத்தில் எழுதப்பட்ட அந்தப் பதிவை வாசிக்கத் தெரியாமலேயே வலியோடு கையெழுத்திட்டவன் நான். அந்த ஒரு வரியைத் திருத்தப் பதினான்கு மாதங்கள் அலைந்தேன். நட்டஈடு மட்டுமன்றி, அதே இடத்தில் எனக்குப் பின் நின்றவரின் பாதுகாப்பும் அந்த வரியில் தொங்கிக்கொண்டிருந்தது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. "விழுந்தார்" என்றால் படியைத் திருத்தினால் போதும். "அடிக்கப்பட்டார்" என்றால்தான் இரண்டாவது காவலாளியையும் வெளிச்சத்தையும் கேட்க முடியும்.

இந்த வழிகாட்டி கொழும்பில் தனியார் பாதுகாப்புக் கம்பனிகளில் வேலை செய்யும் காவலாளிகளுக்கானது. பேஸ்லைன் வீதியில் வெலிக்கடைச் சிறைச்சாலை மதிலுக்கு உள்ளே கடமை செய்கிறவர்களுக்கு இது பொருந்தாது. 1935 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம் பொலிஸாரையும் முப்படையினரையும் நீதித்துறை அலுவலர்களையும் விலக்கி வைத்ததைப் போலவே சிறைச்சாலை அலுவலர்களையும் விலக்கி வைத்திருக்கிறது. எங்களைவிடப் பல மடங்கு ஆபத்தான வேலை செய்யும் அவர்களுக்கு இல்லாத உரிமை எங்களுக்கு இருந்தும், எங்களில் பெரும்பாலானோர் அதைப் பயன்படுத்துவதில்லை.

1. உங்கள் தொழில்தருநர் யார் என்பதை முதலில் எழுத்தில் உறுதிசெய்யுங்கள்

நீங்கள் நிற்கும் வாசல் ஒருவருடையது, உங்களுக்குச் சம்பளம் தருபவர் வேறொருவர். பாதுகாப்புக் கோரிக்கை தோற்றுப்போகும் முதல் இடம் இதுதான். கம்பனியிடம் விளக்குப் போடச் சொன்னால் கட்டடக்காரரைக் கேட்கச் சொல்வார்கள். கட்டடக்காரரைக் கேட்டால் உங்களைத் தமக்குத் தெரியாது என்பார். ஆகவே நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, ஊழியர் சேமலாப நிதி அங்கத்துவ இலக்கம், சீருடை அடையாள அட்டை ஆகிய நான்கின் நிழற்பிரதிகளையும் வீட்டில் ஒரு கோப்பில் வையுங்கள். நியமனக் கடிதம் தரப்படவில்லை என்றால் அதைக் கேட்டு ஒரு பதிவுத் தபால் அனுப்புங்கள். பதில் வராவிட்டாலும் தபால் பற்றுச்சீட்டு உங்களிடம் இருக்கும். 1998 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தனியார் பாதுகாப்புக் கம்பனிகள் பாதுகாப்பு அமைச்சில் பதிவு செய்திருக்க வேண்டும். கடிதத் தலைப்பில் உள்ள பெயரும் சேமலாப நிதிக்குப் பணம் கட்டும் பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். எங்கள் குழுவில் மூன்று பேருக்கு இரண்டும் வெவ்வேறாக இருந்தன, அதை அவிழ்க்கவே ஒரு மாதம் போனது.

2. இரண்டு புத்தகங்கள் வையுங்கள்

கடமையிடத்தில் உள்ள பதிவுப் புத்தகம் கம்பனியின் சொத்து. ஏதாவது நடந்த மறுநாள் அது காணாமற்போகலாம், பக்கம் கிழியலாம். எழுதிய ஒவ்வொரு முக்கியப் பதிவையும் தொலைபேசியில் படம் பிடித்து, அன்றே வீட்டில் ஒருவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், திகதியும் நேரமும் தானாகவே பதிந்துவிடும். இதற்கு மேலாக உங்களுக்கென்று ஒரு சிறிய கொப்பி தேவை. அதில் அடிபட்டதை மட்டும் எழுதினால் போதாது. மதிலேறிப் பார்த்துவிட்டு ஓடியவர், குடிபோதையில் வாசலில் சண்டை பிடித்தவர், மாற்றாள் வராததால் பன்னிரண்டு மணி நேர ஷிப்டு இருபத்து நான்காக நீண்ட நாள், மின்விளக்கு எரியாத இரவு ஆகிய எல்லாம் எழுதப்பட வேண்டும். எவருக்கும் காயம் படாத சம்பவங்களை எழுதாமல் விடுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. எங்கள் கோரிக்கைக் கடிதத்தில் கம்பனியால் மறுக்க முடியாமற்போன பகுதி, என்னுடைய உடைந்த மணிக்கட்டைப் பற்றியது அல்ல. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் அதே மதிலின் மீது ஒன்பது தடவை ஆட்கள் ஏறியதாக மூன்று வெவ்வேறு காவலாளிகளின் கையெழுத்தில் இருந்த பதிவுகளே.

3. காயம் பட்டால் முதல் இரண்டு நாட்கள்

இந்தப் பகுதியைப் பொறுமையாக வாசியுங்கள். பின்னால் வரும் படிகளில் தாமதமானால் ஈடுசெய்யலாம், இங்கே தவறியதைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம்.

முதலில் வைத்தியசாலை. கொழும்பில் என்றால் தேசிய வைத்தியசாலையின் விபத்துச் சேவைப் பிரிவுக்குச் செல்லுங்கள். அரசாங்க வைத்தியசாலை என்பதால் சிகிச்சைக்குப் பணமில்லை. கம்பனி தன் செலவில் அருகிலுள்ள தனியார் மருந்தகத்தில் கட்டுப்போட்டு விடுவதாகச் சொல்லும். அந்த அன்புக்குப் பின்னால், காயத்தைப் பரிசோதித்து நீதிமன்றத்துக்காக எழுதும் சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை இல்லாமற்போகும் ஆபத்து இருக்கிறது. அனுமதிக்கும்போது கேட்கப்படும் கேள்விக்கு "வேலை நேரத்தில், இந்த இடத்தில், இன்னாரால் தாக்கப்பட்டேன்" என்று நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள், உடன் வந்தவரைச் சொல்ல விடாதீர்கள். வெளியேறும்போது தரும் நோய் நிர்ணய அட்டையை வாங்காமல் வாசலைத் தாண்ட வேண்டாம். நீங்கள் குடித்திருந்தீர்கள் என்று பிறகு எவராவது சொல்லக்கூடும் என்ற சந்தேகம் இருந்தால், அதையும் பரிசோதித்துக் குறிக்கும்படி வைத்தியரிடம் கேளுங்கள். மதுபோதையால் நேர்ந்த காயத்துக்கு நட்டஈடு மறுக்கச் சட்டம் இடமளிப்பதால், அந்தக் குற்றச்சாட்டு எந்தக் காவலாளி மீதும் எளிதாக வீசப்படுகிறது. என் மீதும் வீசப்பட்டது. நான் வாழ்க்கையில் சாராயம் தொட்டதில்லை என்று சொன்னதை எவரும் கணக்கில் எடுக்கவில்லை, அட்டையில் எழுதியிருந்த ஒரு சொல்லைத்தான் எடுத்தார்கள்.

அடுத்து பொலிஸ் நிலையம். அரசியலமைப்பின் 22 ஆவது உறுப்புரை, சிங்களம் நிர்வாக மொழியாக இருக்கும் பகுதியிலும் அரச அலுவலரோடு தமிழில் தொடர்பாடவும் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை தருகிறது. நடைமுறையில் இரவு இரண்டு மணிக்குத் தமிழ் எழுதத் தெரிந்த அலுவலர் கடமையில் இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் சிங்களமும் தமிழும் தெரிந்த ஒருவரை வீட்டிலிருந்து வரச்சொல்லுங்கள். எழுதியதை வரிக்கு வரி வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். புரியாத வரிக்குக் கையெழுத்திடாதீர்கள். கையெழுத்துக்குப் பக்கத்தில் "எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டது" என்று எழுத முடிந்தால் மிகவும் நல்லது. முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் அங்கேயே குறித்துக்கொண்டு, பிரதிக்கு விண்ணப்பித்துவிடுங்கள். கம்பனி மேற்பார்வையாளர் உடன் வரலாம், ஆனால் முறைப்பாட்டாளர் நீங்கள்தான். அவர் உங்களுக்காகப் பேசுகிறவர் அல்லர்.

மூன்றாவது, மறுநாளே செய்ய வேண்டியது: சி.சி.டி.வி. பதிவை அழிக்காமல் பாதுகாக்கும்படி கட்டடத்தின் முகாமைத்துவத்துக்கும் கம்பனிக்கும் தனித்தனியே கடிதம். பெரும்பாலான கருவிகள் சில வாரங்களில் பழைய பதிவின் மீதே புதியதைப் பதிந்துவிடும். நான் இந்தக் கடிதத்தை ஐந்தாவது வாரத்தில்தான் எழுதினேன், கிடைத்தது வெற்றுத் திரை.

4. ஏழு பேரைக் கண்டுபிடியுங்கள்

தொழிற்சங்கத்தைப் பதிவு செய்ய விண்ணப்பத்தில் குறைந்தது ஏழு உறுப்பினர்கள் கையெழுத்திட வேண்டும். ஏழு என்பது சிறிய எண்ணாகத் தோன்றும். ஆனால் காவலாளிகள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வாசலில் தனித்தனியே நிற்பவர்கள், ஒருவர் வேலை முடிந்து போகும்போதுதான் மற்றவர் வருவார். நாங்கள் கூடியது கடமை மாறும் காலை ஆறு மணியிலும், பொரளைச் சந்திக்கருகே ஒரு தேநீர்க் கடையிலும்தான். கடமை நேரத்தில் கூட்டம் போட வேண்டாம். கம்பனியின் வட்ஸ்அப் குழுவில் ஒரு சொல்லும் எழுத வேண்டாம். தமிழர் மட்டுமாகவோ ஒரே ஊர்க்காரர் மட்டுமாகவோ ஏழு பேரைச் சேர்ப்பது இலகு, ஆனால் அது பெரும் பலவீனம். எங்கள் எழுவரில் மூவர் சிங்களவர், அவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற இராணுவச் சிப்பாய். அவர் எழுதும் கடிதத்தை ஒருவரும் அலட்சியம் செய்யவில்லை. நீங்கள் ஏற்கெனவே இருக்கும் பெரிய சங்கமொன்றின் கிளையாகவும் சேரலாம். அதில் சட்ட உதவி கிடைக்கும், ஆனால் உங்கள் மதில் விளக்கு அவர்களுடைய பட்டியலில் எத்தனையாவது இடத்தில் வரும் என்பதைக் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

5. பதிவு

சங்கம் அமைக்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தொழில் ஆணையாளர் நாயகமே தொழிற்சங்கப் பதிவாளர். அலுவலகம் நாரஹேன்பிட்ட, கிருள வீதியில் மெஹெவர பியச கட்டடத்தில் இருக்கிறது. கோட்டையிலிருந்து 103 ஆம் இலக்க பஸ் நாரஹேன்பிட்டவுக்கு வருகிறது. கொண்டுபோக வேண்டியவை:

முதற்கூட்ட அறிக்கை, சங்கத்தின் பெயரும் தலைமை அலுவலக முகவரியும், விண்ணப்பிக்கும் உறுப்பினர்களின் பெயர், தொழில், முகவரி, அலுவலர்களின் பதவி, பெயர், வயது, முகவரி, தொழில், சங்க யாப்பின் (விதிமுறைகளின்) பிரதி, அனைவரதும் தேசிய அடையாள அட்டைப் பிரதி.

யாப்பில்தான் விண்ணப்பங்கள் திரும்பி வருகின்றன. சங்கத்தின் நோக்கங்கள், நிதி எதற்குச் செலவிடப்படலாம், அலுவலர்களை நியமிப்பதும் நீக்குவதும், கணக்காய்வு, உறுப்பினர்கள் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் உரிமை, கலைப்பு ஆகியவை தெளிவாக இருக்க வேண்டும். நோக்கங்களில் "சம்பளம் மற்றும் நலன்கள்" என்று மட்டும் எழுதிவிடாமல், "உறுப்பினர்களின் வேலைத்தள உயிர்ப் பாதுகாப்பும் சுகாதாரமும்" என்ற சொற்களைத் தனி வரியாகச் சேருங்கள். உங்கள் சங்கத்துக்கும் விளக்குக்கும் என்ன தொடர்பு என்று பிறகு எவரும் கேட்க முடியாது. தலைமை அலுவலக முகவரியாக அடிக்கடி மாறும் வாடகை அறையைக் கொடுக்காதீர்கள், பதிவுத் தபால்கள் அங்கேதான் வரும்.

6. 40 வீதக் கணக்கு

பதிவு கிடைத்தவுடன் கம்பனி உங்களோடு பேசியே ஆக வேண்டும் என்று நினைக்காதீர்கள். 1999 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தில் சேர்த்த 32அ பிரிவின்படி, எந்தத் தொழிலாளர்களுக்காகச் சங்கம் பேச விரும்புகிறதோ அவர்களில் 40 வீதத்துக்குக் குறையாதோர் அதில் உறுப்பினராக இருந்தால் மட்டுமே தொழில்தருநர் பேச மறுப்பது குற்றமாகிறது. நாடு முழுவதும் ஆயிரக்கணக்கில் காவலாளிகளை வைத்திருக்கும் கம்பனியில் இது எட்டாத உயரமாகத் தோன்றும். ஆனால் "எவருக்காகப் பேசுகிறோம்" என்ற சொற்களைக் கவனியுங்கள். எங்கள் கோரிக்கையை இரவுக் கடமையில் உள்ள கொழும்புக் களஞ்சியக் காவலாளிகளுக்காக என்று வரையறுத்தோம். அறுபத்தெட்டுப் பேர் கொண்ட அந்தப் பிரிவில் முப்பத்தொரு பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். கம்பனியின் சட்டத்தரணி இந்த வரையறையை எதிர்த்தார், ஆனாலும் பேச வந்தார்.

உறுப்புரிமைப் படிவங்களில் ஒவ்வொருவரின் கையெழுத்தும் திகதியும் இருக்கட்டும். வாய்ச்சொல் உறுப்பினர் கணக்கில் வரமாட்டார்.

7. பாதுகாப்புக் கோரிக்கைக் கடிதம்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சிறை அலுவலர்களின் சங்கம் 1939 இலிருந்து இயங்குகிறது. 1994 ஆம் ஆண்டின் ஒரு சட்டம் அவர்கள் வேலைநிறுத்தம் செய்வதைத் தடுத்துவிட்டது. ஆனாலும் அவர்களுடைய பாதுகாப்புப் பிரதிநிதிகளுக்கு, 1977 ஆம் ஆண்டின் விதிகளின்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேலைத்தளத்தைப் பரிசோதிக்கும் உரிமை உண்டு. வாசலை விட்டு விலகவே முடியாத எங்களைப் போன்றவர்களுக்கு அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள ஏதோ இருக்கிறது என்று எண்ணி, அந்த மூன்று மாதப் பரிசோதனையை எங்கள் கடிதத்தின் முதல் கோரிக்கையாக வைத்தோம். அந்த உரிமையைத் தரும் சட்டம் இங்கே எங்களிடம் இல்லை. ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வதைத் தடுக்கும் சட்டமும் இல்லை.

கடிதத்தில் பொதுவான சொற்களைத் தவிருங்கள். "போதிய பாதுகாப்பு வேண்டும்" என்ற வரிக்கு "ஆவன செய்யப்படும்" என்ற பதில்தான் வரும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் இடம், திகதி, சம்பவம், கேட்கும் பொருள், யார் தர வேண்டும், எந்த நாளுக்குள் என்பவை இருக்க வேண்டும். உதாரணமாக: "பின் மதிலருகே உள்ள கடமையிடத்தில் இணைப்பிலுள்ள ஒன்பது சம்பவங்களும் நடந்திருப்பதால், இரவு 6 மணி முதல் காலை 6 மணி வரை இருவர் கடமையில் இருக்க வேண்டும், இதைக் கம்பனி 30 நாட்களுக்குள் செய்ய வேண்டும். மதில் விளக்கைக் கட்டட உரிமையாளர் பொருத்த வேண்டும், அதை அவரிடம் கோரிய கடிதத்தின் பிரதியைக் கம்பனி எங்களுக்குத் தர வேண்டும்." இந்தக் கடைசி வரியால், கட்டடக்காரரைக் காட்டித் தப்பும் பழைய வழி அடைபடும்.

அந்த மூன்று மாதப் பரிசோதனையைத் தவிர நாங்கள் கேட்டவை: இருவர் கடமை, விளக்கு, கடமையிடத்திலிருந்து நேரடியாக மேற்பார்வையாளருக்குப் போகும் தொலைபேசி, மழையங்கி, தடித்த அடிப்பாகமுள்ள சப்பாத்து, டோர்ச், பூட்டக்கூடிய கூண்டு, கழிப்பறைத் திறப்பு, மாற்றாள் வராவிட்டால் அடுத்தடுத்த இரண்டு ஷிப்டுக்கு மேல் நிறுத்தாமை. கழிப்பறையைச் சேர்ப்பதா என்று எங்களுக்குள் விவாதம் நடந்தது. இருட்டில் மதிலோரம் ஒதுங்கப் போன வேளையில்தான் இரண்டு தாக்குதல்கள் நடந்திருந்தன என்று கொப்பிகள் காட்டியதால் அது பட்டியலில் நின்றது.

தொழிற்சாலைக்குள் நிற்கும் காவலாளிக்கு இன்னொரு வழியும் உண்டு. 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் தொழில் திணைக்களத்தின் பரிசோதனைப் பொறியியலாளரிடம் முறையிடலாம். அடுக்குமாடி, அலுவலகம், கடை வாசலில் நிற்பவருக்கு அந்தச் சட்டம் எட்டாது.

8. பதில் வராவிட்டால் நாரஹேன்பிட்ட

கடிதத்தில் சொன்ன திகதி கடந்ததும், அதன் பிரதி, பதிவுத் தபால் பற்றுச்சீட்டு, உறுப்பினர் பட்டியல், சம்பவ இணைப்பு ஆகியவற்றோடு தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுங்கள். திணைக்களம் இரு தரப்பையும் கலந்துரையாடலுக்கு அழைக்கும். எங்கள் முதல் அழைப்பு ஏழு வாரங்களில் வந்தது. முதல் இரண்டு தவணைகளுக்கும் கம்பனி தரப்பில், முடிவெடுக்க அதிகாரமில்லாத ஒரு இளைஞர் வந்து குறிப்பெடுத்துவிட்டுப் போனார். அப்படி நடந்தால் அடுத்த தவணைக்கு அதிகாரமுள்ளவர் வர வேண்டும் என்று அலுவலரிடம் கேட்டு, அதை அன்றைய குறிப்பில் பதியச் சொல்லுங்கள்.

இணக்கம் ஏற்பட்டால் அது எழுதப்பட்டுக் கையெழுத்திடப்பட வேண்டும். அப்படிக் கையெழுத்தான இணக்கப்பாடு தரப்புகளைக் கட்டுப்படுத்தும். கைகுலுக்கிவிட்டு "திங்கட்கிழமை விளக்கு வரும்" என்று பிரிந்தால், வரப்போவது திங்கட்கிழமை மட்டும்தான்.

9. நட்டஈடு தனிப் பாதை

சங்கத்தின் கோரிக்கையோடு இதைக் கலக்காதீர்கள். வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்த காயத்துக்கான கோரிக்கை, 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அதற்கான ஆணையாளரிடம் போகிறது. விபத்திலிருந்து 2 ஆண்டுகளுக்குள் கோர வேண்டும். தொழில்தருநருக்கான அறிவித்தலையோ இயன்றளவு உடனே கொடுத்துவிட வேண்டும். 2022 ஆம் ஆண்டின் திருத்தம் உச்ச நட்டஈட்டை 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தியதோடு, வேலைக்கு வந்துபோகும் வழியில் நேரும் விபத்தையும் உள்ளடக்கியது. உச்சத்தொகை எல்லாருக்கும் கிடைப்பதல்ல, இயலாமையின் அளவையும் சம்பளத்தையும் பொறுத்துக் கணக்கிடப்படும். சம்பளச் சீட்டில் அடிப்படைச் சம்பளம் குறைவாகவும் "படிகள்" அதிகமாகவும் காட்டப்பட்டிருந்தால் இங்கே அடி விழும் என்பதால், சீட்டுகளை முதல் மாதத்திலிருந்தே சேர்த்து வையுங்கள்.

ஒரு சிறிய தொகையைக் கையில் தந்து "இத்துடன் எல்லாம் முடிந்தது" என்ற தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். இறுதி இயலாமை மதிப்பிடப்படும் வரை அதில் கையெழுத்திடாதீர்கள்.

10. பழிவாங்கல்

சங்கச் செயலாளரை ஹம்பாந்தோட்டைக்கு மாற்றுவது, ஷிப்டைக் குறைப்பது, வீட்டில் இருக்கச் சொல்வது ஆகியவை வரும், வரும் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். சங்க உறுப்பினர் என்ற காரணத்துக்காக மட்டும் வேலைநீக்குவதை மேற்சொன்ன 32அ பிரிவு தடை செய்கிறது. ஆனால் அதன் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பது திணைக்களமே, சங்கம் அல்ல. எனவே அதை மட்டும் நம்பி நாட்களை ஓட்டாதீர்கள். வேலைநீக்கத்துக்குத் தொழில் நியாய சபையில் நீங்களே விண்ணப்பிக்கலாம், கால எல்லை ஆறு மாதங்கள். வாய்மொழியாக "நாளை வரவேண்டாம்" என்றால், மறுநாள் சீருடையோடு வாசலுக்குப் போய், திருப்பி அனுப்பப்பட்டதை அன்றே பதிவுத் தபாலில் எழுதுங்கள். போகாமல் வீட்டிலிருந்தால், வேலையை விட்டுச் சென்றதாகக் கோப்பு முடிக்கப்படும்.

11. செலவும் காலமும்

எங்களுக்கு ஆன பணச்செலவு பெரும்பாலும் நிழற்பிரதி, பதிவுத் தபால், பஸ் கட்டணம் ஆகியவைதான். மாதச் சந்தாவாக ஆளுக்கு 100 ரூபா வைத்தோம், அது போதுமாயிற்று. உண்மையான செலவு இழந்த ஷிப்டுகள். ஒவ்வொரு கலந்துரையாடலுக்கும் இருவர் போக வேண்டும், ஆகவே யார் எந்த மாதம் சம்பளத்தை இழப்பது என்று சுழற்சி முறையில் முன்பே தீர்மானித்து, சந்தாவிலிருந்து பாதியையாவது ஈடுசெய்யுங்கள். எங்களுக்கு முதற்கூட்டத்திலிருந்து பதிவுச் சான்றிதழ் வரை ஐந்து மாதங்களும், கோரிக்கைக் கடிதத்திலிருந்து இணக்கப்பாடு வரை எட்டு மாதங்களும் ஆயின. விளக்கும் இரண்டாவது காவலாளியும் வந்தன. கழிப்பறைத் திறப்பு இன்னும் முகாமையாளரின் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது, அடுத்த மூன்று மாதப் பரிசோதனையின் முதல் விடயமாக அதைக் குறித்திருக்கிறோம்.

சான்றிதழ் வந்த பிறகு பலர் மறந்துவிடும் ஒன்று: கணக்காய்வு செய்யப்பட்ட ஆண்டறிக்கையை ஒவ்வோராண்டும் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். தவறினால் பதிவை இழக்க நேரிடும். பொருளாளரை நியமிக்கும் அன்றே ஒரு காசுப் புத்தகத்தை வாங்கி அவரிடம் கொடுத்துவிடுங்கள்.